பஞ்சு வைக்கிற இடம்

மெத்தைக்காரி தன் பிழைப்பில் ஆயிரம் தலையணையாவது பிரித்துப் பார்த்திருப்பாள். ஊரார் தலையணைக்குள் என்னென்ன கிடக்கும் என்று கேட்டால் ஒரு பொழுது முழுக்கச் சொல்லுவாள். கொண்டை ஊசி, குழந்தையின் பால் பல், கிழிக்க மனசு வராத கடிதம், ஒரு தடவை யாரோ ஒரு பெரியவரின் பல்செட். ஆனால் கட்டின புருஷனின் தலையணைக்குள்ளிருந்து கண்ணாடிச் சாமான் வரும் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை.

புருஷன் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. பரண்மேல் கிடந்த அந்தப் பழைய தலையணையை அவர் இருந்தவரை தொட விட்டதில்லை. "அதைப் பிரிக்காதே, என் அம்மா கொடுத்தது" என்பார். அம்மா கொடுத்ததாவது, மண்ணாவது! உறையை அறுத்ததுமே தெரிந்துவிட்டது, அது இவளுடைய கடைப் பஞ்சு. அந்தப் பஞ்சுக்கு நடுவில் வாயகன்ற சின்னக் குப்பி ஒன்று. அதன் ரப்பர் மூடியில் செருகியிருந்த ஒரு சாண் கண்ணாடிக் குழாய். தனியாக இன்னொரு குட்டைக் குழாய். இரண்டு குழாய்களின் வாயும் பொத்தான் போலத் தட்டையாக விரிந்திருந்தன, பக்கத்துக்கு இரண்டு குட்டிக் கொம்புகளோடு. கூடவே, மகள் சின்ன வயதில் வாய்ப்பாடு எழுதிய நோட்டு ஒன்று.

நோட்டைப் பிரித்தாள். பக்கத்துக்கு ஒன்றாக, மெழுகில் முக்கி எடுத்த வட்டக் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன, சட்டைப் பொத்தான் அளவுக்கு. ஒன்று மஞ்சள், ஒன்று காவி, ஒன்று நல்ல பழுப்பு. கீழே தேதி, அதற்கும் கீழே பெயர். தையல்காரர் வாசல். ரொட்டிக்கடை. லாண்டரி. பள்ளிக்கூடம். இப்படிப் பதினொன்று.

அவள் புத்தி நேராகப் போய் விழுந்த இடம் சாராயம். குப்பி, குழாய், ஒளித்து வைத்த நோட்டு, வாடிக்கைக்காரர் பட்டியல். வேறென்ன நினைப்பாள்? தையல்காரர் பெயருக்கு நேரே இருந்ததுதான் ஆகக் கறுத்த பழுப்பு. அவர் உயிரோடு இருந்த நாளில் சாயங்காலமானால் கொஞ்சம் தள்ளாடித்தான் நடப்பார். 'சரக்கு கனமாகப் போன வீடு போல' என்று கணக்குப் போட்டாள். ஆனால் பள்ளிக்கூடம்? 'அட பாவி மனுஷா, பள்ளிக்கூடத்துக்குமா ஊற்றினே?' என்று தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மெத்தைக்கு அடியில் தள்ளினாள்.

அதற்குப் புருஷன் லேசுப்பட்ட ஆளா என்ன, அவ்வளவு வெளிச்சமாகக் குற்றம் பண்ண! தண்ணீர் சோதனைக்கூடத்தில் பரிசோதகர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பொத்திக்கொண்டே இருப்பார். தெருவில் அவருக்கு 'ரெண்டு கேன்' என்று பெயர். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பேட்டை முழுக்கப் பதினோரு அடிகுழாய் போட்டார்கள். கல் மாதிரி குளிர்ச்சி, கண்ணாடி மாதிரி தெளிவு. ஊரே வாயாரப் புகழ்ந்தது. இவர் மட்டும் ரயில் கேட்டைத் தாண்டி இருபது நிமிஷம் நடந்தால் வரும் பழைய கிணற்றிலிருந்துதான் வீட்டுக்குக் குடிதண்ணீர் வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். தினம் இரண்டு கேன். ஏன் என்றால், "சொன்னா கேளு." அவ்வளவுதான் பதில்.

இரண்டு வருஷம் மெத்தைக்காரி கேட்டாள். காலையில் கிணறு, பத்து மணிக்கு மெத்தைக் கடை, ஆறு மணிவரை குனிந்து குனிந்து தையல். இடுப்பு கழன்று போயிற்று. மூன்றாவது வருஷம் ஒரு நாள், அவர் வேலைக்குக் கிளம்பியதும் இரண்டு கேனையும் தையல்காரர் வாசல் குழாயில் அடித்து நிரப்பி வந்து பானையில் ஊற்றினாள். வானம் இடிந்து விழவில்லை. சாயங்காலம் அவர் வந்து ஒரு செம்பு குடித்துவிட்டு, "கிணத்துத் தண்ணின்னா கிணத்துத் தண்ணிதான்" என்றார். சிரிப்பை அடக்க அவள் அடுப்படிக்கு ஓட வேண்டியதாயிற்று. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மெத்தைக்காரியின் புளுகு எட்டு வருஷம் ஓடியது. தையல்காரர் மனைவிக்கு மட்டும் சங்கதி தெரியும். இரண்டு பேரும் குழாயடியில் நின்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த வீட்டில் ஒரே ஒரு கவலை, மகள். பத்தொன்பது வயது. ஒன்றரை வருஷமாக அவள் உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்து, அரிசியைத் தூவினது போல முள் முள்ளாக எழும்பியிருந்தது. மார்பிலும் முதுகிலும் மழைத்துளி விழுந்த புழுதி மாதிரி புள்ளிகள். இப்போது வலது கை நடுவிரலில் ஒரு புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரித் தோல் டாக்டர் களிம்பு மேல் களிம்பாக மாற்றிப் பார்த்துவிட்டு, "புண்ணு இதே மாதிரி இருந்தா விரலைப் பத்தி யோசிக்கணும்" என்று போன வாரம் சொல்லியிருந்தார். விரலைப் பற்றி யோசிப்பது என்றால் என்ன என்று மெத்தைக்காரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புருஷனின் மூக்குக்கண்ணாடியும் சாப்பாட்டு டப்பாவும் இன்னும் சோதனைக்கூடத்தில் கிடந்தன. வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். போகிற போக்கில் இந்தச் சாராயச் சனியனையும் யாரிடமாவது காட்டித் தீர்த்துவிடலாம் என்று குப்பியைப் பஞ்சில் சுற்றிப் பையில் போட்டாள், நோட்டையும்தான். வழியில் மருந்துக்கடைக்காரரிடம் காட்டினாள். அவர் குட்டைக் குழாயைத் தூக்கிப் பார்த்து, "எனிமா கொடுக்கிறதா இருக்கும்மா" என்றார். பழைய சாமான் வாங்குகிறவன், "அத்தர் காய்ச்சறது, குடுத்துட்டுப் போங்க" என்றான். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தெரியாது என்று சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

சோதனைக்கூடத்தின் பின்கட்டில் பெரிய கல் தொட்டி. அங்கே இருபத்தைந்து வருஷமாகக் கண்ணாடிச் சாமான் கழுவுகிற பொம்பளை ஒருத்தி இருந்தாள். அமிலம் பட்டுப் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் வெளுக்கவில்லை.

"பரிசோதகர் சம்சாரமா? வா. அழ வந்தியா, சாமான் எடுக்க வந்தியா?"

"சாமான் எடுக்கத்தான். அப்புறம் இது என்னன்னு கேக்கணும்." பையைத் திறந்தாள்.

கழுவுகிறவள் கையைத் துடைத்துக்கொண்டு குப்பியை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது சாராயம் காய்ச்சறதாக்கா?" மெத்தைக்காரி மெதுவாகக் கேட்டாள்.

"போடி இவளே! அடியைப் பாரு. நெருப்பையே பார்க்காத குப்பி. காய்ச்சின கண்ணாடின்னா அடி மங்கிப் போயிருக்கும். கோடு இருக்கா? இல்ல. அப்போ அளக்கிறதும் இல்ல." கட்டை விரலால் குழாயின் வாயைத் தடவினாள். "ரெண்டு வாயும் எப்படித் தேச்சிருக்கு பாரு, தட்டையா. ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும். இந்தக் கொம்புல ஸ்பிரிங் மாட்டினா ரெண்டும் இறுக்கிப் பிடிச்சுக்கும். நடுவுல எதையோ பிடிச்சு வைக்கத்தானே இந்தப் பாடு?"

"எதை?"

"காகிதம். பொத்தான் அளவுக்கு ஒரு காகிதம்." குழாயைக் கண்ணருகே கொண்டுபோனாள். "உள்ளே இந்த இடத்துல கறுப்புக் கறை தெரியுதா? கழுவினாலும் போகாது. இது பஞ்சு வைக்கிற இடம். உன் வீட்டுக்காரர் உன்கிட்ட பஞ்சு கேட்டதுண்டா?"

கேட்டதுண்டு. 'ஒரு சிட்டிகை நல்ல பஞ்சு குடு, கொட்டை இல்லாததா' என்று வந்து நிற்பார். 'எதுக்கு, நான் கத்தறது கேக்காம காதுல வச்சுக்கவா?' என்று இவள் கேலி பண்ணியிருக்கிறாள். அவர் சிரிக்காமல் வாங்கிக்கொண்டு போவார்.

"கேட்டிருக்காரு."

"கேப்பான், கேப்பான்." கழுவுகிறவளின் குரல் திடீரென்று ஏறிற்று. "இந்தக் குப்பி பத்து வருஷத்துக்கு முன்னாடி காணாமப் போச்சு. 'கழுவறப்ப உடைஞ்சது'ன்னு ரிஜிஸ்டர்ல எழுதினது யாரு தெரியுமா? உன் புருஷன். எல்லாரும் ஜாடையா என்னைப் பார்த்தாங்க. வாயிருக்கா எனக்கு? பத்து வருஷமா நான் உடைச்சவ. புதுசா வர்ற பொடிசு கூட, 'அக்கா, பார்த்து, உடைச்சுடாதீங்க'ங்குது. இன்னைக்குப் பாரு, கீறல்கூட இல்லாம வந்து நிக்குது!"

"அக்கா, திட்டறதை அப்புறம் திட்டுங்க. இது எதுக்கு?"

கழுவுகிறவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"விஷம் பார்க்கிறது. ஆர்சனிக்குன்னு சொல்லுவாங்க, பாஷாணம். குப்பியில தண்ணியை ஊத்தி அமிலமும் துத்தநாகமும் போடுவாங்க. நுரை கட்டி ஆவி கிளம்பும். மத்த அழுக்கைப் பஞ்சு பிடிச்சுக்கும், விஷம் மேல ஏறிக் காகிதத்துல உக்காரும். காகிதம் வெள்ளையாவே இருந்தா நல்ல தண்ணி. மஞ்சளானா கெட்டது. பழுப்பானா..." கையை உதறினாள். "வெளிச்சம் பட்டா அந்தக் கறை ஓடிப்போயிடும். அதனால மெழுகுல முக்கி இருட்டுல வைப்பாங்க."

மெத்தைக்காரி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அவசரத்தில் ஒரு பக்கம் கிழிந்தது. கழுவுகிறவளுக்குப் படிக்கத் தெரியாது, நிறம் தெரியும். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்தத் தண்ணி இதெல்லாம்?"

"எங்க பேட்டைக் குழாய்... பதினொண்ணும்."

"அப்போ அதுதான்," என்றாள் அவள். "அந்த வருஷம் குழாய் போட்ட ஆபீசுல இருந்து ரெண்டு பேர் வந்திருந்தாங்க. எங்க ஆபீஸ் பெரியவர் உன் புருஷனை ரூமுக்குள்ள கூப்பிட்டாரு. குழாயெல்லாம் திறந்து வச்சாச்சு, படம் பிடிச்சாச்சு, இனி என்னத்தைப் பிடுங்கறதுன்னு சத்தம் வெளிய கேட்டுச்சு. அந்தத் தண்ணியைக் குடிக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்தான். இதோ, இந்தத் தொட்டியிலதான் வாந்தி எடுத்தான். மறுநாள் குப்பியைக் காணோம்."

ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! மெத்தைக்காரிக்குப் புருஷன்மேல் வந்த ஆத்திரத்தில் கண் இருண்டது. தெருவுக்குச் சொல்லவேண்டாம். கட்டினவளுக்குச் சொல்லியிருக்கலாமே! 'சொன்னா கேளு' என்பதற்குப் பதிலாக 'அது விஷம்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இடுப்பு ஒடிந்தாலும் கிணற்றுக்குத் தவழ்ந்தாவது போயிருப்பாளே!

அந்த ஆத்திரத்தோடுதான் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். பழைய தேதியில் ஒன்று, 'நம் வீடு, கிணறு'. காகிதம் வெள்ளை. அதோடு பதினோரு குழாயும் கிணறும் முடிந்து, பிறகு வெறும் பக்கங்கள். அதற்கும் பிறகு, நோட்டின் கடைசித் தாளில், போன சில மாதங்களுக்குள் ஒட்டிய ஒன்று இருந்தது. அதை இதுவரை அவள் பார்த்திருக்கவில்லை. தேதி ஐந்து மாதத்துக்கு முந்தியது. 'நம் வீட்டுப் பானை'. பழுப்பு. தையல்காரர் வாசலுக்கு ஒட்டியிருந்த அதே பழுப்பு, ஒரு நூல் வித்தியாசம் இல்லாமல்.

அவள் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி விரல் விட்டு எண்ணினாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் முதல் நாள். டாக்டர் மகளின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க? அடிகுழாயா?" என்று கேட்டார். பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் எட்டு வருஷப் புளுகு உடையக் கூடாதே என்று மெத்தைக்காரி முந்திக்கொண்டு, "இல்லீங்க, கிணத்துத் தண்ணிதான். அவர் குழாய்த் தண்ணியைத் தொடவே விடமாட்டாரு" என்றாள். டாக்டர் 'கிணறு' என்று சீட்டில் எழுதினார். "அப்போ அது இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு களிம்புக்குப் போனார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவே இல்லை.

புருஷன் நம்பியிருக்கிறார். மூன்று மாதம் நம்பியிருக்கிறார். பிறகு அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் குப்பியை எடுத்திருக்கிறார். மறுநாள் காலையில், ஒரு சண்டை இல்லை, ஒரு கேள்வி இல்லை, இரண்டு கேனையும் தானே தூக்கிக்கொண்டு கிணற்றுக்குக் கிளம்பினார். 'இப்பவாவது என் இடுப்பு மேல இரக்கம் வந்துச்சே' என்று இவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நாலு மாதம் தூக்கினார். நாற்பது நாளைக்கு முன்னால் ரயில் கேட்டருகே இரண்டு கேனோடு சரிந்து விழுந்தார். மாரடைப்பு என்றார்கள்.

ஆனால் டாக்டரிடம் மட்டும் அவர் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் கையெழுத்தைச் சொல்லவேண்டும். அவர் கையெழுத்தை மறைத்தார், இவள் கேனை மறைத்தாள். நடுவில் பிள்ளையின் விரல் அழுகிக்கொண்டிருந்தது.

"அக்கா, குப்பியை நீங்களே வச்சுக்குங்க" என்றாள். "ரிஜிஸ்டர்ல எழுதச் சொல்லுங்க, உடையலன்னு."

வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலிலேயே டம்ளரை நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கே, முதல்ல குடிம்மா." அப்பா போனபின் கிணற்றுக்குப் போக ஆளில்லை. அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று நாற்பது நாளாக மகள்தான், புண் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தையல்காரர் வாசலில் அடித்து வந்துகொண்டிருந்தாள். மெத்தைக்காரி டம்ளரைத் தட்டிவிட்டாள். அது உருண்டு தெருவுக்குப் போயிற்று.

"என்னம்மா, பைத்தியமா உனக்கு?"

சொன்னாள். எதையும் விடவில்லை. குப்பி, காகிதம், கேன், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். சொல்லச் சொல்ல மகள் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அஞ்சு மாசமாத் தெரியும்."

"தெரிஞ்சும் டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"இல்லடி."

மகள் அழவில்லை. உள்ளே போய்ப் பானையைச் சாய்த்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் குழாயடியில் ஆறேழு பேர் நின்றார்கள். தையல்காரர் மனைவி கைப்பிடியை அடித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் போன வருஷம்தான் போனார். காலெல்லாம் புண், பிறகு ஈரல். குடியால் வந்தது என்று தெரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. மெத்தைக்காரியும் சேர்ந்துதான் சொல்லியிருந்தாள்.

"அடிக்காதே, நிறுத்து" என்றாள் மெத்தைக்காரி. ஒரு கையில் நோட்டு, மறு கையில் இரண்டு காலிக் கேன்.

"என்னக்கா, இன்னைக்கும் திருட்டுத் தண்ணியா?" என்று சிரித்தாள் தையல்காரர் மனைவி. "இனி யாருக்கு ஒளிக்கணும், மகராசன்தான் போயாச்சே!"

சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டே மெத்தைக்காரி சொன்னாள். சொல்லி முடித்ததும் குடங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. யாரோ ஒருத்தி இடுப்புக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"எங்க வாசல் எந்தப் பக்கம்? காட்டு."

காட்டினாள். தையல்காரர் மனைவி வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "தேதியைப் படி."

படித்தாள்.

"அப்போ எங்க வீட்டுக்காரர் நல்லாத்தானே இருந்தாரு. ஊசியில நூல் கோக்க என்னைக் கூப்பிட மாட்டாரு அப்போ." வட்டத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. "மறுபடி படி."

மறுபடியும் படித்தாள்.

அடிப்பாள் என்று மெத்தைக்காரி எதிர்பார்த்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவோடுதான் வந்திருந்தாள். தையல்காரர் மனைவி அடிக்கவில்லை. தன் குடத்தைத் தரையில் கவிழ்த்தாள். பிறகு மெத்தைக்காரியின் கையிலிருந்து இரண்டு கேனையும் பிடுங்கிக்கொண்டாள்.

"வீட்டுல ரெண்டு பேரப் பிள்ளைங்க தாகத்தோட இருக்கு" என்றாள். "இனி எங்கிட்ட பேசாதே." ரயில் கேட்டை நோக்கி நடந்தாள். மற்றவர்களும் கிடைத்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்கள்.

மெத்தைக்காரி வீட்டிலிருந்து ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால், தள்ளியே போனாள். கிணற்றடியில் அவளுக்கு முறை கடைசியாகத்தான் வந்தது. திரும்பி வந்து மகளுக்கு ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினாள்.

மகள் வாங்கவில்லை. டம்ளரைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"இது எங்கே பிடிச்சது?"

"கிணத்துலடி. சத்தியமா கிணத்துல."

"எட்டு வருஷமா அப்பாகிட்டயும் இப்படித்தானே சொன்னே."

மகள் எழுந்தாள். குடத்துத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, காலிக் குடத்தை நல்ல கையில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"என் தண்ணியை நானே கொண்டு வந்துக்கறேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் நான் தனியாப் போறேன். டாக்டர் கேட்டா நானே சொல்லிக்கறேன். நீ வராதே."

ரயில் கேட் மூடியிருந்தது. வண்டி போகும்வரை மகள் குடத்தோடு அங்கே நிற்பது வாசலிலிருந்து தெரிந்தது.